முடக்கப்பட்ட வங்கிக் கணக்கை மீட்பது எப்படி?

(காரைக்குடி வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



வங்கித் தொழில் செட்டிநாட்டுக்குப் புதிதன்று. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ஆம் ஆண்டில் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கப்பெற்றது. ஆயினும், வங்கியில் உள்ள நம் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாமற் போனால் என்ன செய்வது என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருப்புவனம் ஆட்டுச் சந்தையில் நான்கு ஆடுகளை விற்கிறீர்கள். வாங்கியவர் 32,000 ரூபாயைக் கைப்பேசி வழியாக அனுப்புகிறார். அது எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் என்பது பின்னர்த் தெரிகிறது. வெளிமாநிலக் காவல்துறை உங்கள் கணக்கை முடக்கச் சொல்கிறது. ஆட்டுப் பணத்தோடு நெல் விற்ற பணமும் பயிர்க்கடன் தொகையும் அகப்பட்டுக் கொள்கின்றன. விதைப்பு நேரத்தில் உரம் வாங்கவும் வழியில்லை.

இந்நிலையில் முதல் வேலை, காரணத்தை அறிவதே. வங்கி மேலாளரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும்.

1. இரண்டாண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாவிட்டாலோ, அடையாளச் சான்றுகள் புதுப்பிக்கப்படாவிட்டாலோ, ஆதார் முதலியவற்றைக் கொடுத்துச் சரிசெய்யலாம். வங்கி 30 நாட்களில் தீர்வு தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

2. கடன் வழக்கில் நீதிமன்றம் முடக்கியிருந்தால், அந்த நீதிமன்றத்திலேயே ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்.

3. காவல்துறை முடக்கியிருந்தால், எந்த நிலையம், வழக்கு அல்லது புகார் எண், ஐயத்துக்குரிய தொகை ஆகியவற்றை வங்கியிடம் கேட்டுப் பெறுங்கள்.

வங்கிக் கணக்கும் காவல்துறை கைப்பற்றத்தக்க சொத்தே என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு இந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால், கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கட்டளையிடுகிறது.

ஆகவே, விற்பனைச் சீட்டு, ஆடு வாங்கியவரின் பெயர், கைப்பேசி எண், கணக்கு விவரப் பட்டியல் ஆகியவற்றை இணைத்து விசாரணை அதிகாரிக்கு விரைவுத் தபாலில் விளக்கம் அனுப்புங்கள். பயன் இல்லையேல், அந்தக் காவல் நிலையத்துக்குரிய நடுவர் நீதிமன்றத்தில் 503-ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். தொலைவு தடையாக இருந்தால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுத் தாக்கல் செய்வது குறித்து வழக்கறிஞரைக் கலந்து கொள்ளுங்கள்.

2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இத்தகைய வழக்கு ஒன்று வந்தது. ஐயத்துக்குரியது சுமார் 2.5 இலட்சம் ரூபாய், முடங்கியதோ 9.5 இலட்சத்துக்கு மேல். ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்து, கணக்கை இயக்க நீதிமன்றம் வழிசெய்தது. ஆகவே, 32,000 ரூபாய் வழக்கு முடியும்வரை நின்றாலும், மீதியையாவது விடுவிக்குமாறு மனுவில் தவறாமல் கேளுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருவாயினர் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி அளிக்கிறது. தொலைபேசி எண் 15100.

கணக்கைத் திறந்து தருவதாகப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள். உங்கள் கணக்கைப் பிறர் பயன்படுத்த விடாதீர்கள். ஓர் ஆட்டை விற்றாலும் சீட்டு எழுதி வாங்குங்கள். நாளை உங்கள் பக்கம் பேசும் சாட்சி அதுவே.