பத்து நிமிஷ தூரத்துல ஒரு ஃபால் சீசன்

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்தியது)

செப்டம்பர் வந்தாச்சு. உங்க வாட்ஸாப் குரூப்ல இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க. "ஃபால் கலர்ஸ் பார்க்க இந்த வருஷம் எங்க போலாம்?" ஒருத்தர் வெர்மான்ட்னு சொல்வார், இன்னொருத்தர் போக்கனோஸ்னு சொல்வார். கடைசியில நாலு கார்ல கிளம்பி, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கிட்டு, ஆறு மணி நேரம் ஓட்டி, ஒரு மேப்பிள் மரத்துக்கு முன்னாடி வரிசையில நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு வருவோம். நானும் நாலு வருஷம் அதைத்தான் செஞ்சேன். தப்பே இல்ல, ஜாலியாத்தான் இருக்கும்.

ஆனா இன்னைக்கு நான் பேசப்போறது வீட்டுல இருந்து பத்து நிமிஷத்துல இருக்கிற பார்க் பத்தி. நான் இருக்கிறது நியூ ஜெர்சியில ஒரு டவுன்ஷிப். ஊர்ல இருந்து கேக்குறவங்களுக்கு ஒரு விளக்கம்: இங்க டவுன்ஷிப்னா பில்டர் கட்டி, கேட் போட்டு, செக்யூரிட்டி நிக்கிற இடம் கிடையாது. அது ஒரு உள்ளாட்சி அமைப்பு, நம்ம ஊர் நகராட்சி மாதிரி. குப்பை எடுக்கிறது, ரோடு போடுறது, பார்க் பராமரிக்கிறது எல்லாம் அவங்க வேலை. அதுல ரெக்ரியேஷன்னு ஒரு துறை இருக்கும். கோடை முடியுற நேரத்துல ஃபால் நிகழ்ச்சிகளோட பட்டியலை அவங்க வெளியிடுவாங்க. பூசணிக்காய் செதுக்குறது, வைக்கோல் வண்டிச் சவாரி, சின்னப் பசங்களுக்கு சாக்கர், இதெல்லாம் முதல் பக்கத்துல இருக்கும். பின்னாடி ரெண்டு பக்கத்தை யாரும் புரட்ட மாட்டோம். அங்கதான் பறவை பார்க்கும் நடை, வண்ணத்துப்பூச்சி டேகிங், இரவு ஆந்தை நடைன்னு இருக்கும். பெரும்பாலும் இலவசம், இல்லன்னா ரொம்ப சின்னத் தொகை.

நான் அந்தப் பின்பக்கத்தைப் புரட்டினதுக்கு இயற்கை ஆர்வம் காரணம் இல்லை. அம்மாதான் காரணம். போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில தேனியில இருந்து ஆறு மாசத்துக்கு வந்தாங்க. மூணாவது வாரமே, "ஏப்பா, டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுமா?"ன்னு கேட்டாங்க. அப்பா, அம்மாவை இங்க கூட்டிட்டு வந்தவங்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல. நாம காலையில கிளம்பிடுறோம். அவங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, இங்க கார் இல்லாம ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்க முடியாது. ஊர்ல தெரு முழுக்க ஆள் வச்சிருந்தவங்க, இங்க ஜன்னல்ல நின்னு யூ.பி.எஸ். வண்டியை எண்ணிட்டு இருக்காங்க. சீரியல் எவ்வளவு நேரம்தான் பார்ப்பாங்க?

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலையில, வேற எதுவும் தோணாம, மோனார்க் வண்ணத்துப்பூச்சி நடைக்கு ரெண்டு பேர் பேரைக் கொடுத்தேன். போய் நின்னா, இருந்ததுல பாதிப்பேர் ரிட்டயர் ஆனவங்க, மீதி சின்னக் குழந்தைகளோட வந்தவங்க. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுது. எங்களுக்குத் தெரியாத வீட்டுக் கல்யாணத்துல நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு. அம்மா சேலை, அதுக்கு மேல என் பழைய ஜாக்கெட், கால்ல ஷூ. திரும்பிப் போயிடலாமான்னு யோசிச்சேன்.

அந்தப் புல்வெளியில ஒரு செடி. இங்க மில்க்வீட்னு சொல்றாங்க. நடத்திக்கிட்டிருந்த இயற்கை வழிகாட்டி ஒரு இலையைக் கிள்ளினாங்க, வெள்ளையா பால் வந்துச்சு. பக்கத்துல காய் வெடிச்சு, பட்டு மாதிரி பஞ்சு பறந்துக்கிட்டு இருந்துச்சு. அம்மா சட்டுனு, "இது எருக்குல்ல?"ன்னாங்க. நான் இல்லம்மா, இது வேறன்னு சொல்லி அடக்கப் பார்த்தேன். அவங்க விடல. "பாலு, பஞ்சு, காய் எல்லாம் அப்படியே இருக்கு, இது எருக்கு சாதிதான்."

அந்த வழிகாட்டி என்ன பேசுறீங்கன்னு கேட்டாங்க. நான் ஃபோன்ல எருக்குப் படத்தை எடுத்துக் காட்டினேன். அவங்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! ஏன்னா அம்மா சொன்னது சரி. மில்க்வீடும் நம்ம எருக்கும் ஒரே தாவரக் குடும்பம். அதோட முடியல. மோனார்க் முட்டை வைக்கிறது மில்க்வீட்ல மட்டும்தான். நம்ம ஊர்ல எருக்குல முட்டை வைக்கிற ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி ஒண்ணு இருக்கு, தமிழ்ல வெந்தய வரியன்னு சொல்வாங்க. அதுவும் மோனார்க்கும் ஒரே பேரினம். ரெண்டோட புழுவும் அந்தப் பால்ல இருக்கிற விஷத்தைத் தின்னு உடம்புல சேர்த்து வச்சுக்கும். பறவைங்க அதைத் தொட யோசிக்கும்.

அன்னைக்கு மீதி நேரம் அம்மா முன்வரிசை. பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை போடுறதைச் சொல்றாங்க, நான் மொழிபெயர்க்கிறேன். பதிலுக்கு அங்க இருந்த ஒரு பெரியவர் சொன்ன கதை எனக்கு இன்னமும் வியப்பு. இரண்டாம் உலகப் போர்ல லைஃப் ஜாக்கெட்டுக்குள்ள அடைக்க இலவம் பஞ்சு தேவைப்பட்டுச்சு. அது ஜாவாவுல இருந்து வரணும். ஜப்பான் ஜாவாவைப் பிடிச்சதும் வரத்து நின்னுபோச்சு. அதனால 1944-ல அமெரிக்கப் பள்ளிப் பசங்க மூட்டை மூட்டையா மில்க்வீட் காய் பறிச்சு அனுப்பியிருக்காங்க. இலவம் பஞ்சுக்குப் பதிலா எருக்குச் சாதிப் பஞ்சு! தேனிக்காரங்களுக்கு இலவம் பஞ்சைப் பத்திப் புதுசா சொல்லணுமா? அம்மா பத்து நிமிஷம் பேசினாங்க.

இப்ப அந்த டேகிங் விஷயத்துக்கு வரேன். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல கூட்டுல இருந்து வர்ற மோனார்க் தலைமுறை வித்தியாசமானது. கோடையில பிறக்கிறது சில வாரம்தான் வாழும். இது எட்டு மாசம் வரைக்கும்கூட வாழும். நியூ ஜெர்சியில இருந்து 3,000 கிலோமீட்டருக்கும் மேல பறந்து மத்திய மெக்சிகோ மலைக்காட்டுக்குப் போய்க் குளிர்காலத்தைக் கழிக்கும். முன்னாடி அங்க போன பூச்சி எதுவும் இதுக்கு வழி காட்ட உயிரோட இல்ல. அந்த இடத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சதே 1975-லதான். கன்சாஸ் பல்கலைக்கழகத்துல இருந்து 1992 முதல் மோனார்க் வாட்ச்னு ஒரு திட்டம் நடக்குது. பின்சிறகுல குட்டியா ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டி விடுவாங்க, அதுல ஒரு எண் இருக்கும். மெக்சிகோவுல யாராவது அதைப் பார்த்தா பதிவாகும். பூச்சியோட எடை அரை கிராம்தான். அம்மா கையில வச்சுப் பறக்க விட்டாங்க. வீட்டுக்கு வர்ற வழியில டிக்கெட் பேச்சே வரல.

சரி, எங்க அம்மா கதைக்காக உங்களைப் போகச் சொல்லல. எனக்கு அந்த சீசன்ல ஒண்ணு புரிஞ்சது: ஒரே பார்க்குக்கு நாலு தடவை போறது, நாலு ஊருக்கு ஒரு தடவை போறதை விட வேற அனுபவம். ஏன்னா ஃபால்ங்கிறது ஒரு காட்சி இல்ல, ஒரு கால அட்டவணை. ஒவ்வொண்ணும் தேதி வச்சுக் கிளம்புது.

பருந்தை எடுத்துக்கோங்க. மான்ட்கிளேர் டவுன்ஷிப்ல ஒரு பழைய கல்குவாரி விளிம்பு இருக்கு. படி ஏறிப் போனா சின்ன மேடைதான். 1957-ல இருந்து ஒவ்வொரு இலையுதிர்காலமும் அங்க வலசை போற பருந்துகளை எண்ணுறாங்க. செப்டம்பர் நடுவுல பிராட்-விங்டு ஹாக்னு ஒரு வகை, மத்திய, தென் அமெரிக்காவுக்குக் கிளம்பும். வெயில்ல தரை சூடாகி மேல எழும்புற காத்துல ஏறி, சிறகை அடிக்காமலே வட்டமடிச்சு உயரம் போகும். அங்கிருந்து சறுக்கி அடுத்த வட்டத்தைப் பிடிக்கும். நூத்துக்கணக்குல ஒரே வட்டத்துல சுத்தும், அந்தக் கூட்டத்துக்கு இங்க கெட்டில்னு பேரு. குளிர் காத்து வந்து, வடமேற்குல இருந்து வீசுற மறுநாள்தான் நல்ல நாள். ஒரு வாரம் தள்ளிப் போனா பெரும்பாலான கூட்டம் போயிருக்கும். லீவு போடணும்னா அன்னைக்குப் போடுங்க.

இலை நிறத்துலயும் ஒரு விஷயம் தெரிஞ்சா பார்வையே மாறிடும். மஞ்சள் புதுசா வர்றது இல்ல. அது இலைக்குள்ள கோடை முழுக்க இருந்ததுதான், பச்சையம் மறைச்சிருந்துச்சு. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைப் பிரிச்சு, அதுல இருக்கிற சத்தை உள்ள இழுத்துக்கும். அப்ப மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு அப்படி இல்ல. உதிரப்போற இலையில மரம் கடைசி நேரத்துல புதுசா தயாரிக்கிற நிறம் அது. பகல் நல்ல வெயில், ராத்திரி உறையாத குளிர்னு இருந்தா சிவப்பு தூக்கலா இருக்கும். ஓக், பீச் மரங்கள் காஞ்ச இலையை உதிர்க்காம குளிர்காலம் முழுக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், சில வீட்டுல பழைய நியூஸ்பேப்பரைப் போடாம வச்சிருக்கிற மாதிரி.

ஆந்தை நடைக்கு அம்மா வரமாட்டேன்னுட்டாங்க. "ஆந்தை அலறுறதக் காசு கொடுத்துப் போய் கேப்பாகளா?" நியாயமான கேள்வி! நான் மட்டும் போனேன். நவம்பர், நல்ல இருட்டு, டார்ச் அடிக்கக் கூடாது, பேசக் கூடாது. இருபது நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் தூரத்துல ஒரு குரல், அதுக்குப் பதிலா இன்னொண்ணு. கிரேட் ஹார்ன்டு ஆந்தை ஜோடி. உருவத்துல பெண்தான் பெரிசு, ஆனா கீச்சுக் குரலும் பெண்ணோடதுதான். தடிமனான குரல் ஆணோடது. இருட்டுல ஒரு அந்நியக் கூட்டத்தோட மூச்சை அடக்கி நின்னது, இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷத்துல எனக்கு நடந்த நல்ல விஷயங்கள்ல ஒண்ணு.

இந்த இடங்கள் எல்லாம் தானா இருக்கலங்கிறதையும் சொல்லணும். மோரிஸ் கவுண்ட்டியில கிரேட் ஸ்வாம்ப்னு ஒரு பெரிய சதுப்புநிலம். 1959-ல நியூயார்க் துறைமுக ஆணையம் அங்க ஒரு விமான நிலையம் கட்டத் திட்டம் போட்டுச்சு. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எதிர்த்தாங்க. கோஷம் போட்டதோட நிக்கல. பணம் திரட்டி, நிலத்தைத் துண்டு துண்டா விலைக்கு வாங்கி, மத்திய அரசுக்கே தானமாக் கொடுத்துட்டாங்க. இன்னைக்கு அது வனவிலங்குப் புகலிடம், நீங்க மரப்பலகைப் பாதையில நடந்து போய்ப் பார்க்கலாம். நம்ம ஊர்ப் பள்ளிக்கரணையை நினைச்சுக்கிட்டே அங்க நடந்தேன். வேற என்ன சொல்ல.

நியூ ஜெர்சியில நிறைய ஊர்கள்ல ஓப்பன் ஸ்பேஸ்னு தனி வரி இருக்கு. மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்ட வரி. அந்தப் பணத்துலதான் நிலம் வாங்கிப் பார்க்கா வச்சிருப்பாங்க. விசாவுல இருக்கிற நாம ஓட்டுப் போட முடியாது. ஆனா அது சொத்து வரியோட சேர்ந்து வர்றது. வீட்டு ஓனர் கட்டுறார், அதைக் கணக்குல வச்சுத்தான் நம்மகிட்ட வாடகை வாங்குறார். அதனால "இது நமக்கான இடமா?"ன்னு என்னை மாதிரி கேட் பக்கத்துல நின்னு தயங்காதீங்க. ரெசிடென்ட்னு காட்ட வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ போதும்னு பல இடங்கள்ல சொல்வாங்க. ஒரு தடவை ஃபோன் பண்ணிக் கேட்டுக்கோங்க.

போறதுக்கு முன்னாடி முக்கியமான ஒண்ணு: உண்ணி. குளிர் வந்தா பூச்சி போயிடும்னு நினைக்காதீங்க. லைம் நோயைப் பரப்புற மான் உண்ணியோட வளர்ந்த பருவம் அக்டோபர், நவம்பர்லதான் சுறுசுறுப்பா இருக்கும். முழு பேன்ட் போட்டு, சாக்ஸை பேன்ட் மேல இழுத்து விடுங்க. பார்க்க காமெடியா இருக்கும், பரவாயில்ல. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்புறம், அக்குள், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்க. கடிச்சிருந்தா நுனி மெல்லிசான ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, நெருப்பு, எண்ணெய் வைத்தியம் எல்லாம் வேண்டாம். பொதுவா 24 மணி நேரத்துக்குள்ள எடுத்துட்டா லைம் தொற்றுற வாய்ப்பு குறைவு. அப்புறம் காய்ச்சலோ, படர்ற மாதிரி சிவப்புத் தடிப்போ வந்தா உடனே டாக்டர்.

தனி வீடு வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லா இலையையும் ஊதித் தள்ளி மூட்டை கட்டாதீங்க. ஜூலையில உங்க குழந்தை துரத்துற மின்மினி, இப்ப புழுவா அந்தச் சருகுக்கும் மண்ணுக்கும் நடுவுலதான் இருக்கு. செடிகளுக்கு அடியிலயாவது கொஞ்சம் விட்டு வைங்க.

அம்மா பிப்ரவரியில ஊருக்குப் போனாங்க, சொன்ன தேதியில. பெட்டியில ஒரு மில்க்வீட் காய் வச்சிருந்ததை நான் வெளிய எடுத்துட்டேன், விதையெல்லாம் விமானத்துல கொண்டு போகக் கூடாதும்மான்னு. அதுக்கு இன்னமும் கோபம் இருக்கு. போன வாரம் ஃபோன்ல, வீட்டுக்குப் பின்னாடி எருக்கு வளர்ந்து கிடக்குது, வெட்ட ஆள் வந்தான், வேண்டாம்னுட்டேன்னு சொன்னாங்க.

இந்த வருஷ ஆந்தை நடைக்கு என் பேரைக் கொடுத்துட்டேன். உங்க டவுன்ஷிப் பட்டியல்ல பின்பக்கம் என்ன இருக்குன்னு பார்த்து ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நியூ ஜெர்சியே இல்லாம வேற ஊர்ல இருந்தாலும் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.