மறதி நோயும் ஒரு மரபணுவும்
(முத்தாபுதுப்பேட்டை குடும்ப நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





முதியோர் உதவிக்காக வீடு வீடாகச் செல்லும்போது நாங்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. அஸர் தொழுதுவிட்டு வந்த பெரியவர், சற்று நேரத்தில் மறுபடியும் ஒளூ செய்து கிளம்புகிறார். பேரன் பெயர் நினைவுக்கு வரவில்லை. நாற்பது வருடம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்கிறார். வீட்டில் "வயசாயிடுச்சு" என்கிறார்கள். சிலர் தாயத்து கட்டுகிறார்கள். டாக்டரிடம் காட்டலாமே என்றால், "வெளியே தெரிஞ்சா பேத்திக்கு வரன் அமையாது பாய்" என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். படித்த பிள்ளைகளோ, "இது பரம்பரையா வருமாமே, ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்கும் இந்தக் கேள்விக்கும் இன்று பதில் சொல்ல விரும்புகிறோம்.

முதலில், இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

இப்போது மரபணுவுக்கு வருவோம். நம் மூளையில் மைக்ரோகிளியா என்ற செல்கள் இருக்கின்றன. இவை மூளையின் துப்புரவுப் பணியாளர்கள். இறந்த செல்களையும் தேங்கும் கழிவுப் புரதங்களையும் அகற்றுவது இவற்றின் வேலை. எங்கே குப்பை இருக்கிறது என்று இவற்றுக்கு உணர்த்தும் உறுப்பைச் செய்யும் மரபணுவின் பெயர் ட்ரெம்-2. அதில் கோளாறு இருந்தால் பணியாளர்கள் சரியான நேரத்துக்கு வருவதில்லை, குப்பை தேங்குகிறது. தேங்கிய குப்பையைத் தெருமுனையில் கொளுத்தினால் என்ன ஆகும்? புகை எல்லா வீட்டுக்குள்ளும் புகும். மூளையில் அப்படி ஓயாமல் புகைவதைத்தான் டாக்டர்கள் அழற்சி என்கிறார்கள். அது நல்ல நரம்பு செல்களையும் கெடுக்கிறது.

இந்த மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம், அல்சைமர் நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது என்று 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அறிவித்தன. ஆனால் அந்த மாற்றம் ஐரோப்பியர்களிலேயே நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. ட்ரெம்-2வைத் தூண்டிவிட உருவாக்கிய ஒரு மருந்தும் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை என்று 2024 நவம்பரில் தெரியவந்தது. ஆகவே, முதுமையில் வரும் சாதாரண மறதி நோய்க்காகக் குடும்பமே பல ஆயிரம் செலவழித்து ஜீன் டெஸ்ட் எடுக்க அவசியமில்லை. பாட்டிக்கு எழுபத்தைந்து வயதில் வந்த மறதியைக் காரணம் காட்டிப் பேத்தியின் சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பது அறிவுக்கும் நியாயத்துக்கும் பொருந்தாது.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. இதே ட்ரெம்-2 மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்தால், நாசு-ஹக்கோலா என்ற மிக அரிய நோய் வரும். இருபது, முப்பது வயதுகளில் கை கால் எலும்புகள் எளிதில் முறியும்; பிறகு குணம் மாறி, இள வயதிலேயே மறதி தொடங்கும். சொந்தத்தில் மணம் முடிப்பது மார்க்கத்தில் ஆகுமானதுதான். ஆனால் இப்படி இள வயதிலேயே பாதிக்கப்பட்டவர்கள் குடும்பத்தில் இருந்தால், சொந்தத்துக்குள் நிச்சயம் செய்யும் முன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது. மறைப்பதால்தான் பிள்ளைகளுக்குக் கேடு.

மரபணுவை நாம் மாற்ற முடியாது. புகையைக் குறைக்க முடியும். மறதி நோய்க்குக் காரணமாகும், நாம் சரிசெய்யக்கூடிய 14 அம்சங்களை லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் களைந்தால், உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம், உடல் பருமன், காது கேளாமை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றில் எது நம் வீட்டில் இல்லை?

ஆகவே நாங்கள் கேட்டுக்கொள்வது இவைதான்:

சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை தருகிறார்கள். ரமலானில் நோன்பு வைப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றாதீர்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பெரியவர்களுக்குப் புத்தி தடுமாறும்.

காது கேட்காத அத்தாவுக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுங்கள். கேட்காதவர் மெல்லப் பேச்சை விடுகிறார், பிறகு தனியாகிறார். ஜமாஅத் தொழுகைக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். அந்த நடையும் நாலு பேர் முகமும் அவருக்கு மருந்து.

மறதி தெரிந்தவுடன் டாக்டரிடம் காட்டுங்கள். பி-12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால், சென்ட்ரல் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு இருக்கிறது. முதியோருக்கான அரசு உதவி எண் 14567.

கடைசியாக, கவனித்துக்கொள்ளும் பெண்களைப் பற்றி. ஒரே கேள்வியை ஐம்பது முறை கேட்கும் மாமியாருக்கு ஐம்பது முறையும் பதில் சொல்லும் மருமகளுக்கு, வாரத்தில் அரை நாளாவது மற்றவர்கள் பொறுப்பேற்று ஓய்வு கொடுங்கள். முதுமையில் பெற்றோரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அவர்கள் நம்மை மறந்துபோன பிறகுதான் அந்தப் பாடத்தில் நமக்குப் பரீட்சை வருகிறது.

அல்லாஹ் நம் பெரியவர்களுக்கு ஆஃபியத்தையும், நமக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.