பிணை எனும் உரிமை



இந்த நினைவு நாளில் இரண்டு தேதிகளை உங்கள் முன் வைக்கிறேன். 2020 ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். அன்றுதான் தலித் சிந்தனையாளர் ஆனந்த் டெல்டும்டே தேசியப் புலனாய்வு முகமையிடம் சரணடைந்தார். 2022 நவம்பர் 26, அரசமைப்புச் சட்ட நாள். அன்று பிணையில் வெளியே வந்தார். இடையில் இரண்டரை ஆண்டுக்கும் மேலாகச் சிறை. சாட்சி விசாரணை தொடங்கவே இல்லை.

பீமா கோரேகான் வழக்கில் அவர்மீது பாய்ந்தது 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், அதாவது ஊபா. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அதில் 43டி என்ற பிரிவு சேர்ந்தது. அந்தத் தாக்குதலில் ரயில் நிலையத்தில் காத்திருந்த எளிய மக்களும் செத்தார்கள். மக்களைக் காப்பது அரசின் கடமை. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. நம் கேள்வி வேறு. காவல்துறை சொல்வது உண்மையா என்று நீதிபதி எப்போது பார்க்க வேண்டும்?

சாதாரண வழக்கில் அதிகபட்சம் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் பிணை உரிமையாகிறது. ஊபாவில் அதை 180 நாள்வரை நீட்டிக்கலாம். அதன் பிறகும், ஆவணங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் உண்டு என்று நீதிமன்றம் கருதினால் பிணை கிடையாது. பிணைக் கட்டத்தில் சாட்சியங்களை ஆழமாக எடைபோடக் கூடாது என்று 2019இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, குறுக்கு விசாரணை நடக்கும் நாள்வரை காவல்துறையின் காகிதம் மட்டுமே பேசும்.

டெல்டும்டேவுக்குச் சிறப்பு நீதிமன்றம் பிணை மறுத்தது. பயங்கரவாதச் செயலுக்கு முகாந்திரம் இல்லை என்று கண்டு மும்பை உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தது. அப்படியானால் கழிந்த ஆண்டுகள் எதற்கான தண்டனை? அதே வழக்கில் கைதானவர், திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி. கைதானபோது வயது 83, நடுக்குவாத நோயாளி. பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று இறந்துபோனார்.

1949இல் அரசியல் நிர்ணய சபையில், தனிமனித சுதந்திரத்துக்கான பிரிவு 21 பலவீனமாகிவிட்டது என்ற குறையை ஈடுகட்டவே இன்றைய பிரிவு 22ஐ அம்பேத்கர் முன்மொழிந்தார். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும்; வழக்கறிஞரை அணுக விட வேண்டும்; 24 மணி நேரத்தில் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும். அதே பிரிவு தடுப்புக்காவலுக்கும் இடம் தருகிறது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதிகாரத்தைக் கொடுத்த இடத்திலேயே கால வரம்பையும் மேற்பார்வையையும் எழுதிவைத்தார்கள் என்பதுதான் நமக்கான பாடம்.

விசாரணை நெடுங்காலம் இழுத்தால் ஊபா வழக்கிலும் உயர், உச்ச நீதிமன்றங்கள் பிணை தரலாம் என்று 2021இல் நஜீப் வழக்கில் தீர்ப்பு வந்தது. நல்ல கதவுதான். ஆனால் அந்தக் கதவுவரை போக வழக்கறிஞரும் பணமும் வேண்டும். நாடறிந்த பேராசிரியருக்கே இத்தனை காலம் ஆனது. பெயர் வெளியே தெரியாத சேரி இளைஞனுக்கு எத்தனை ஆண்டு ஆகும்?

எனவே 43டியின் பிணைத் தடையைத் திருத்தச் சொல்லிக் கேட்போம். விசாரணைக்குக் கால வரம்பு கேட்போம். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஊர்ச் சிறையில் கிடக்கும் ஒரு விசாரணைக் கைதியின் வழக்குக் கட்டையாவது எடுத்துப் படியுங்கள். நம் தோழருக்கு நாம் செய்யும் அஞ்சலி அங்கிருந்து தொடங்கட்டும்.

ஜெய் பீம்.