மெலிந்த அடுக்கு மெதுவாகப் படிந்ததா?



இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது முன்வரிசையைப் பார்த்தால் கொஞ்சம் உதறலாகவும் இருக்கிறது. எனக்குப் படிவுப் பாறையியல் கற்றுத்தந்த பேராசிரியர் ஒருபுறம். என் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியவர்கள் என்று நான் சந்தேகப்படும் இருவர் மறுபுறம்.

‘கடல்மட்ட ஏற்றமும் படிவுப் பதிவும்’ என்பது மாநாட்டுப் பொருள். கடல் ஏறினால் ஆற்று வண்டல் கரையோரமே தங்கிவிடும். வெளிக்கடலில் படிவு குன்றும். பல லட்சம் ஆண்டுகள் ஒரு முழ உயரத்துக்குள் அடங்கிவிடும். கண்ட விளிம்புப் படிவுகளின் வயதறிய இத்தகைய செறிவடுக்குகளே திறவுகோல் என்று லௌட்டிட் குழுவினர் 1988-இல் எழுதினார்கள். அதன்பின் எண்ணெய் தேடுவோர் உட்பட எல்லோரும் அவற்றைத் தேடி அலைகிறோம். இரண்டு நாளும் நீங்கள் பேசப்போவது இதைத்தான். ஆகவே நான் அதைத் தாண்டிப் போகிறேன்.

என் வழக்கு வேறு. அடுக்கு மெலிந்திருந்தால் மெதுவாகப் படிந்தது என்று எழுதிவிடுகிறோம். ஒரு மீட்டர் அடுக்குக்குப் பத்து லட்சம் ஆண்டு என்று வையுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வருகிறது. ஆழ்கடல் நடுவே செங்களிமண் சேரும் வேகம் அது. அதே கட்டுரையின் அடுத்த பக்கத்தில், புயலலை புரட்டிப்போட்ட கிளிஞ்சல் குவியலின் படம் இருக்கும்! இரண்டும் எப்படிப் பொருந்தும்? மண் வராமல் இல்லை, வந்தது நிற்கவில்லை. மாதக் கடைசியில் பையில் மிஞ்சிய சில்லறையை எண்ணி ஒருவருடைய சம்பளத்தைச் சொல்லிவிட முடியுமா? கணக்கிடும் கால அளவு நீள நீளப் படிவு வேகம் குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் இடைவெளிகளும் அதற்குள் சேர்ந்துகொள்கின்றன என்று சாட்லர் 1981-லேயே காட்டிவிட்டார். அவரை மேற்கோள் காட்டாதவர் இல்லை. அவர் சொன்னதைக் கேட்டு நடப்பவர்தான் குறைவு.

கட்ச்சின் தோசா ஊலைட்டுக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டியன் காலத்து அடுக்கு. அதன் உச்சியில் உள்ள காங்குளோமரேட் படுகையை நூறு கிலோமீட்டருக்கு மேல் தொடர்ந்து பார்க்கலாம். ஐ. பி. சிங் 1989-இல் இந்த ஊலைட்டைக் கடலேற்றச் செறிவடுக்கு என்றார். ஃப்யூர்சிஷ் குழுவினர் 1992-இல் கட்ச்சின் கடினத்தளங்கள், பெயர்ந்து புரண்ட திரள்கற்கள், செறிவடுக்குகள் ஆகியவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். சிங் சொன்ன கடலேற்றத்தை நான் மறுக்கவில்லை. அவரை முகவுரையில் வணங்கிவிட்டு ஃப்யூர்சிஷ் குழுவினரை அடிக்குறிப்பில் ஒதுக்கும் நம் பழக்கத்தைத்தான் மறுக்கிறேன்.

அங்கிருந்து வந்த அம்மோனைட் ஒன்றை மேசைமேல் வைத்திருக்கிறேன். அறைகளுக்குள் சாம்பல் நிற நுண்சுண்ணாம்பு. வெளியே ஒட்டியிருப்பது இரும்பு ஊலைட் மணிகள் நிறைந்த செம்மண் நிறக் கல். ஒரு பக்கம் ஓடு முழுக்கத் தேய்ந்து உள்வார்ப்பும் பாதி வழித்துப்போயிருக்கிறது. தேய்ந்த பரப்பின்மேல் செர்ப்புலா புழுவின் குழாய். அந்தக் குழாயையும் சேர்த்துத் துளைத்திருக்கிறது ஒரு சிப்பி. இந்த உயிரி செத்தது, புதைந்தது, உள்ளே கல்லானது, தோண்டப்பட்டது, உருண்டது, கடல்தரையில் நெடுநாள் கிடந்தது, மறுபடி புதைந்தது. இதையா ‘மெதுவான படிவு’ என்ற இரண்டு சொல்லில் முடிப்பது?

இத்தனை தடயங்களும் நம் பதிவுகளில் ஏன் இல்லை? நம் திருச்சி கிரெட்டேசியஸ் உயிரிகளை விவரித்த ஸ்டோலிச்காதான் கட்ச் ஜுராசிக்கையும் பகுத்தவர்.  பின்னர் ஸ்பாத் 1927 முதல் 1933 வரை வெளியிட்ட கட்ச் அம்மோனைட் பெருந்தொகுதி, பிறர் திரட்டியவற்றை லண்டனில் வைத்து ஆராய்ந்தது. அவர் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் சேகரிப்பு மேசைக்கு வருமுன் பிரஷ், ஊசி, அமிலம் எல்லாம் பட்டுவிடுகின்றன. புழுக்குழாயும் ஒட்டிய மண்ணும் அழுக்கென்று போய்விடுகின்றன. சாட்சியைக் கழுவிவிட்டுத்தான் வழக்கை விசாரிக்கிறோம். ஒரே அடுக்கில் இரண்டு வெவ்வேறு கால மண்டலத்து அம்மோனைட்டுகள் கிடைத்தால் இனத்தின் ஆயுளை நீட்டிவிடுகிறோம். இனங்களின் கால எல்லையைக் காட்டும் நம் வரம்பு அட்டவணைகளில் உள்ள சில இனங்கள் மண்டல எல்லையை உயிரோடு கடந்தவை அல்ல, செத்தபின் கடந்தவை. இதை எழுதியபோது, ‘ஆசிரியருக்கு மண்டலங்கள்மீது நம்பிக்கை இல்லை’ என்று ஒரு மதிப்பீட்டாளர் குறித்தார். நம்பிக்கை இருப்பதால்தான் கேட்கிறேன்.

கட்ச் வரை போக வேண்டியதில்லை. நம் திருச்சிப் பகுதியின் காரைக் களிமண் பரப்புக்கு மழைக்குப் பின் போய்ப் பாருங்கள். களிமண் ஓடைகளில் இறங்கிப் போயிருக்கும். பெலம்னைட் குச்சிகளும் பாஸ்பேட் உருண்டைகளும் தரையில் தங்கியிருக்கும். வெவ்வேறு மட்டத்தில் இருந்தவை ஒரே தளத்தில் கிடக்கும். அதற்கு எந்த மந்தகதியும் தேவைப்படவில்லை. பாஸ்பேட் உருண்டை உருவாவது சேற்றுக்கு அடியில், அழுகும் உயிர்ப்பொருளிலிருந்து கசிந்த நீரில். ஆகவே உருண்டை கடல்தரையில் துளைபட்டிருந்தால், அதை மூடியிருந்த சேறு ஒருமுறையாவது போயிருக்க வேண்டும். துளைக்குமேல் இன்னொரு பாஸ்பேட் பூச்சு இருந்தால் சேறு திரும்பவும் வந்திருக்கிறது. அதே பகுதியின் ஊட்டத்தூர் உருண்டைகளை அறுத்துப் பாருங்கள். எத்தனை முறை என்று எண்ணலாம். உரத்துக்கு எவ்வளவு தேறும் என்று கணக்கிட்ட அளவுக்கு நாம் இதை எண்ணவில்லை.

வண்டல் வராமல் பட்டினி கிடந்த கடல் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதிர்ந்த கிளாக்கோனைட் மணிகள் நெடுநேரம் மண் மூடாத தளத்துக்குச் சாட்சிதான். ஆனால் பட்டினி நிறுவப்பட வேண்டியது. ஊகமாக எடுத்துக்கொள்ள வேண்டியதல்ல. ஆகவே மாநாட்டுத் தொகுப்பின் பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செறிவடுக்கிலிருந்து வந்த ஒவ்வொரு புதைபடிவத்துக்கும் உள்ளே நிரம்பிய மண், வெளியே ஒட்டிய மண், தேய்மானம், ஒட்டுயிரி ஆகிய நான்கையும் கேளுங்கள். அவை இல்லாத வரம்பு அட்டவணையைத் திருப்பி அனுப்புங்கள். என்னுடையதாக இருந்தாலும் சரி. இதை மறுப்பவர்கள் பிற்பகல் அமர்வுக்குக் கல்லோடு வரலாம். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.