காலாவதியான கடன்

(நாகூரில் கூடிய ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



விதை, எரு, வாய்க்கால் பராமரிப்பு என்று பேசி வந்த நாம் இன்று பிராநோட்டைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும், வெட்டாற்றின் கடைமடையில் கைமாற்றோ நோட்டுக் கடனோ இன்றிச் சம்பா நடவை முடிக்கும் குடும்பம் எத்தனை என்பதை நீங்களே அறிவீர்கள். வட்டி எவ்வளவு என்று யாவரும் கேட்டுத் தெரிந்துகொள்கின்றனர். அந்த நோட்டுக்கு ஆயுள் எவ்வளவு என்பதைக் கேட்போர் அரியர். கொடுத்தவருக்கு அது தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. இந்த வேற்றுமையைப் போக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 1964 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையில் இருந்து வருகிறது. அதன்படி, கேட்டவுடன் கொடுக்க வேண்டிய பிராநோட்டுக்கு, நோட்டு எழுதிய தேதியிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். கடன் கொடுத்தவர் வந்து கேட்ட நாளிலிருந்துதான் காலம் ஓடும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர், அது தவறு. நோட்டில்லாத கைமாற்றுக்கும் பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்றாண்டே. 2022 ஜூன் 10ஆம் தேதி எழுதிய நோட்டுக்கு 2025 ஜூன் 10ஆம் தேதி வரை வழக்கிடலாம். அன்று நீதிமன்றம் விடுமுறையானால், மீண்டும் திறக்கும் நாளில் தொடுக்கலாம். நம் பக்கத்தில் சிலர் தமிழ்த் தேதியும், சிலர் ஹிஜ்ரி தேதியும் எழுதுவது வழக்கம். எதை எழுதினாலும் ஆங்கிலத் தேதிக் கணக்கே செல்லும் என்று சட்டம் கூறுகிறது.

அண்மைக் காலத்திற்கு ஒரு விலக்கும் உண்டு. கொரோனா நோயின் காரணமாக, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாட்களைக் கணக்கிற் சேர்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியபின், டிசம்பர் முதல் தேதியன்று ஒருவர் நோட்டு எழுதிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அது 2021 டிசம்பரில் காலாவதியாகியிருக்க வேண்டும். இவ்விலக்கினால் 2023 நவம்பர் நடுப்பகுதி வரை உயிரோடிருந்தது. இடையில் வேறொன்றும் நிகழாதிருந்தால், அதன்பின் அந்த நோட்டைக் கொண்டு வழக்காட இயலாது. பிரதிவாதி எடுத்துச் சொல்லாவிட்டாலுங்கூடக் காலங்கடந்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். இதை நம்பிச் சம்மன் வந்தும் வீட்டிலிருந்துவிடலாகாது. நோட்டின் பின்புறத்தில் நீங்கள் போடாத கையெழுத்தொன்று இருந்தால், அதை மறுக்க உங்களையன்றி யாருண்டு?

‘இடையில் வேறொன்றும் நிகழாதிருந்தால்’ என்றோம். நிகழக்கூடியவை எவை என்பதே இப்பொருளின் உயிர்நிலை. மூன்றாண்டு முடியுமுன் கடன் உண்டென்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அந்நாளிலிருந்து புதிதாக மூன்றாண்டு தொடங்கும். கடிதம் ஒன்றே போதும். அது கடன் கொடுத்தவருக்கு எழுதியதாயிருக்க வேண்டுமென்பதுமில்லை. அசலுக்கோ வட்டிக்கோ ஒரு தொகை கொடுத்து, அந்த வரவைக் கொடுத்தவரே எழுதினாலும், பிறர் எழுதியதன்கீழ் அவர் கையொப்பமிட்டாலும் அவ்வாறே. கடன் கொடுத்தவர் தாமாக எழுதிக்கொண்ட வரவினால் காலம் நீளாது.

மூன்றாண்டு முடிந்த பின்போ நிலைமை வேறு. அப்பொழுது வெறும் ஒப்புதலும் போதாது; நூறு இருநூறு கொடுத்து வரவு வைத்தாலும் பழைய நோட்டு உயிர் பெறாது. ஆனால், ‘இக்கடனைச் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டாலோ, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது செல்லத்தக்க புதிய ஒப்பந்தமாகிவிடும். “பழைய தாள் கிழிந்துவிட்டது, வேறொன்று எழுதித் தாருங்கள்” என்று அன்பொழுகக் கேட்டு வருவதன் பொருள் பெரும்பாலும் இதுவே. பழைய கடன் ஒன்றும் புதிய கடன் ஒன்றும் ஒருவரிடமே இருந்தால், பணம் கொடுக்கும்பொழுது எதற்கென்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிடில், காலாவதியான கடனுக்கே அதை வரவு வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. முத்திரை ஒட்டிய வெற்றுத்தாளில் கையொப்பமிடுவதைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. தேதியும் தொகையும் இல்லாத தாளை நிரப்பிக்கொள்ள, அதைக் கையில் வைத்திருப்பவருக்கு நீங்களே அதிகாரம் கொடுத்தவராகிறீர்கள்.

இது புதிய தந்திரமன்று. 1859ஆம் ஆண்டிலே ஆங்கில அரசு காலவரையறைச் சட்டமொன்றை இயற்றிப் பத்திரங்களுக்கு மூன்றாண்டு வரம்பு வைத்தது. வட்டி பல்லாண்டு சேர்ந்து குடியானவரை அழுத்தலாகாது என்பது கருத்து. தக்காணத்தில் நிகழ்ந்ததோ நேர்மாறானது. மூன்றாண்டுக்கொருமுறை லேவாதேவிக்காரர் பத்திரத்தை மாற்றி எழுதச் செய்து, நின்ற வட்டியை அசலாக்கி, அதன்மேல் புது வட்டி கணக்கிட்டனர். 1875 மே மாதம் பூனா மாவட்டத்துச் சூபா என்னும் ஊரில் குடியானவர்கள் திரண்டெழுந்து கடன் பத்திரங்களைப் பறித்துக் கொளுத்தினர். கலகம் பல ஊர்களுக்கும் பரவிற்று. 1879இல் தக்காண விவசாயிகளுக்கென்று தனி நிவாரணச் சட்டம் பிறந்தது அதன் பின்னரே. நம் மாகாணத்திற்கு 1938இல் இராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களில், அசலின் இருமடங்கு செலுத்தியிருந்தால் கடன் தீர்ந்தது என்று அது விதித்தது. அது கடனையே குறைத்த சட்டம். காலவரையறைச் சட்டமோ கடனைத் தொடுவதில்லை. வழக்கு மன்றத்தின் வாயிலை மட்டுமே அடைக்கிறது.

இந்த வேற்றுமை ஏட்டுச் சுரைக்காயன்று. கடன் அழியாதிருப்பதனால்தான், அடகு வைத்த நகையை மூன்றாண்டு சென்றதென்று இலவசமாகத் திருப்பிக் கேட்க முடிவதில்லை. காலங்கடந்த கடனை மனமுவந்து கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறவும் முடியாது. மெய்யாகவே வாங்கிய கடனைக் காலங்கடந்ததென்று சொல்லித் தட்டிவிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். அசலும் நியாயமான வட்டியும் பெறாத அண்டைவீட்டுக்காரருக்குக் கொடுப்பதே முறை என்பது நம் கருத்து. அசலைப் போல் மும்மடங்கு வட்டியாகவே செலுத்திவிட்டவர், சட்டம் தந்த பாதுகாப்பைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அவரிடம் மிரட்டி வாங்குவோர்மீது புகார் கொடுக்க 2003ஆம் ஆண்டு அதிக வட்டித் தடைச் சட்டமும் உண்டு.

நாகூருக்குச் சிறப்பாகக் கூற வேண்டியது ஒன்று. இவ்வூரிலும் சுற்றூர்களிலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று பிழைக்கச் செல்லாத தெரு இல்லை. கடன்பட்டவர் இந்தியாவில் இல்லாத காலம் மூன்றாண்டுக் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று 15ஆம் பிரிவு கூறுகிறது. ஐந்தாண்டு துபாயிலிருந்து திரும்பியவர், நோட்டு செத்துவிட்டதென்று நிம்மதி கொள்ள இடமில்லை. அவர் அங்கிருக்கையில், இங்குள்ள மனைவியிடமோ தாயிடமோ புதிய நோட்டில் கையொப்பம் கேட்பதும் உண்டு. அப்படி இட்டால் கடன் அந்த அம்மையாரின் சொந்தக் கடனாகிவிடும். கணவர் இறந்த வீட்டில் கேட்கப்படும் கையொப்பம் இதனினும் கொடியது. இறந்தவரின் கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பு. விதவையின் கைவளைக்கும் மகனின் சம்பளத்திற்கும் அது பாயாது. புது நோட்டில் கையொப்பம் விழுந்தால் அந்த வரம்பு போயிற்று. துக்க வீட்டில் எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாமென்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவைப்பது ஊராட்சி உறுப்பினர் செய்யக்கூடிய உதவி; அதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை.

மூன்றாண்டுக் கணக்கை எல்லாக் கடனுக்கும் பொருத்திவிடாதீர்கள். நிலத்தை ஈடு வைத்த கடனுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நாள் முதல் 12 ஆண்டு. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவும் 12 ஆண்டு. அரசு தொடுக்கும் வழக்குக்கு 30 ஆண்டு. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் தனி வழி உண்டு. ஒற்றி நிலம் பற்றியும் ஒரு சொல்: முப்பது ஆண்டு ஆனதாலேயே நிலம் ஒற்றி பிடித்தவருக்குச் சொந்தமாகிவிடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாட்டனார் ஒற்றி வைத்த நிலமாயின் பழைய பத்திரத்தைத் தேடி எடுங்கள்.

கடன் கொடுத்தவர்களும் இக்கூட்டத்தில் இருப்பீர்கள். நெல் விற்ற பணத்தைச் சிநேகிதருக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டே மூன்றாண்டைக் கழித்தவர் பலர். வழக்குக்குப் போக மனமில்லையெனில், காலம் முடியுமுன் ஒரு சிறு தொகையேனும் பெற்று, அவர் கையாலேயே வரவு எழுதி வாங்குங்கள். இரு தரப்பும் இசைந்தால், சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம். அங்கு ஏற்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது. பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் அந்த ஆணைக்குழு வழியாக வழக்கறிஞர் உதவி இலவசமாகவே கிடைக்கும்.

கடனைத் தீர்த்தவர் நோட்டைக் கையோடு திரும்பப் பெற வேண்டும். காணவில்லை என்று சொன்னால், தொகை, தேதி, இன்ன நோட்டுக்கென்ற விவரம் யாவும் அடங்கிய ரசீதில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டு கிடைத்தாலும் உடனே கிழித்தெறிய வேண்டாம். குறுக்கே கோடிட்டு, தீர்ந்த தேதியை எழுதி, பட்டா இருக்கும் பெட்டியிலேயே வைத்திருங்கள்.