கிளை அஞ்சலகமும் நம் தெருவும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்க விழாவில் தலைமையாசிரியர் தபால் நிலையத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் வியக்கக்கூடும். நம் விழிப்புணர்ச்சியில் பெரும்பங்கு தபாலில் வந்ததாகும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ கோலார் தங்கவயலிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாசகரைப் பெற்றது என்றால், அதைச் சுமந்து சென்றது தபால் பையே.

அதே தபால் நிலையத்தின் படியேற நம் முன்னோர்க்கு வழியில்லாத காலமும் இருந்தது. பல ஊர்களில் அது மேல்தெரு வீடொன்றின் திண்ணையில் நடைபெற்றது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் அரசு அலுவலகங்களும் எல்லார்க்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அத்தீர்மானம் நிறைவேறி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றபின், எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் காலனிக்குள் வரவில்லை. ஊர்த்தெரு டீக்கடையில் கிடந்தது. என் கைக்கு எட்டியபோது தேர்வு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. என் தாயார் அக்கடிதத்தை நெடுநாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். ஏனென்று நான் கேட்டதில்லை.

இவ்வளவு கசப்பு உள்ளவன், அஞ்சலகம் மூடினால் நமக்கென்ன என்றுதானே சொல்ல வேண்டும்? என்னால் இயலவில்லை.

தந்தி 2013 ஜூலையில் நின்றது. பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2007க்குப் பின் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,500 அஞ்சலகங்கள் மூடப்பட்டன. டென்மார்க்கின் அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியோடு கடிதப் பட்டுவாடாவையே கைவிட்டது. எங்கும் சொல்லப்படும் காரணம் வருவாய்க் குறைவு.

நம் நாட்டில் கிளை அஞ்சலகம் திறக்க அஞ்சல் துறை வகுத்த அளவுகோலை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். சமவெளியில் 3,000 மக்கள் வேண்டும். செலவில் மூன்றில் ஒரு பங்கேனும் வருவாய் வேண்டும். மலைப்பகுதியிலோ, தனி ஊருக்கு 500 பேர் போதும். செலவில் 15 விழுக்காடு வருவாய் போதும். அதாவது, நட்டம் வரும் என்று தெரிந்தே அரசு ஒப்புக்கொண்ட கடமை இது. நட்டக் கணக்குக் காட்டுவோர் முன் இவ்விதியை எடுத்து வையுங்கள்.

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை நீங்கள் அறிவீர்கள். மலையிலிருக்கும் ஒரு தாய், கணக்கிலுள்ள 500 ரூபாயை எடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினால் பேருந்துக் கட்டணத்தோடு ஒருநாள் கூலியும் போகும். 2018 செப்டம்பரில் அஞ்சலக வங்கி தொடங்கிய பின்னர், தபால்காரரே கருவியோடு வந்து, கைரேகை பெற்று, வேறு வங்கிக் கணக்கிலுள்ள பணத்தையும் வீட்டு வாசலில் தர முடிகிறது. அன்று காலனிக்குள் வராத தபால், இன்று நம் வாசல் தேடி வரும் நிலைக்கு வந்திருக்கிறது. இவ்வேளையில் அது போய்விட நாம் விடலாமா?

ஒரு கிளை அஞ்சலகம் பூட்டப்படுமுன் கணக்குகளின்றி வற்றுகிறது. நம் தெருவில் எத்தனை வீட்டில் அஞ்சலகக் கணக்கு உண்டு? பத்து வயது நிரம்பாத பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்கைத் தொடங்க 250 ரூபாய் போதும்.

இன்னொன்று. கிராமிய அஞ்சல் ஊழியர் பணிக்குத் தேர்வு எழுத வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. இடஒதுக்கீடு உண்டு, நம்மவர்க்கு 45 வயது வரை வாய்ப்புண்டு. நிரந்தர அரசு ஊழியரின் ஊதியமும் ஓய்வூதியமும் அதற்கில்லை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அப்பையை நம் பிள்ளை சுமந்தால் எந்தக் கடிதமும் டீக்கடையில் கிடக்காது.

வரும் ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தில் நானும் இரண்டு ஆசிரியர்களும் படிவங்களோடு அமர்ந்திருப்போம். ஆதார் அட்டையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்க்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.