800 ரூபாய் வெர்னியர் வாங்கலாமா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். டிப்ளமோ முடிச்சு, ஓரகடம் பக்கம் ஒரு கம்பெனியில டிரெயினியா சேர்ந்து மூணு மாசம் ஆச்சாம். "அண்ணா, சொந்தமா ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல 800 ரூபாய்க்குக் கிடைக்குது. வாங்கலாமா, இல்ல காசு தண்டமா?" இதுதான் கேள்வி.

இதுக்கு நான் பதில் சொல்றதுக்கு ஒரு தகுதி இருக்கு. அதே மாதிரி ஒண்ணை வாங்கி, அதால இன்னொருத்தரோட ஒரு வாரச் சம்பளத்தைக் காலி பண்ணவன் நான்.

அப்போ நானும் அந்த ஏரியாவுலதான் டிரெயினி. உங்களுக்கே தெரியும், இருங்காட்டுக்கோட்டையில 1998-ல கார் உற்பத்தி ஆரம்பிச்சதுல இருந்து, ஓரகடத்துல 2010-க்கு அப்புறம் கார், லாரி, புல்லட்டுன்னு வரிசையா ஆலைகள் வந்த வரைக்கும், பெரிய பேரு எல்லாம் ரோட்டுல இருந்தே தெரியும். ஆனா அந்த வண்டிக்குள்ள போற புஷ், பின், பிராக்கெட்டை எல்லாம் செய்யறது உள்ளே தள்ளி ஷெட் போட்டிருக்கற சின்ன வெண்டர் கம்பெனிகள். அப்படி ஒண்ணுலதான் நான் இருந்தேன். பேரு வேண்டாம்.

அங்கே ரெண்டு சிஎன்சி லேத்துக்கு நடுவுல ஒரே ஒரு மைக்ரோமீட்டர். நல்ல வெர்னியர் கியூசி ரூம்ல பூட்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டு நிக்கணும். எனக்கு அது மானப் பிரச்சினையா இருந்துச்சு. ஸ்டைபண்ட் வந்ததும் ஒரு சீப் டிஜிட்டல் வெர்னியர் வாங்கிட்டேன். பாக்கெட்டுல அதை வெச்சுக்கிட்டு நடந்தா நானே பெரிய இன்ஜினியர் மாதிரி ஒரு நினைப்பு.

ஒரு நைட் ஷிஃப்ட். ஸ்டீல் புஷ், வெளி விட்டம் 32 மில்லிமீட்டர், டாலரன்ஸ் பிளஸ் ஆர் மைனஸ் 0.03. ஆபரேட்டர் அண்ணன் கான்ட்ராக்ட் தொழிலாளி, ரெண்டு மெஷினையும் அவர்தான் பார்த்துக்கிட்டிருந்தார். மைக்ரோமீட்டர் அடுத்த மெஷின்ல மாட்டிக்கிச்சு. "தம்பி, இந்தப் பீஸை அளந்து சொல்லு"ன்னார். என் வெர்னியர் 32.05 காட்டுச்சு. சொன்னேன். அவர் ஆஃப்செட்டுல 0.05 குறைச்சார். அடுத்த பீஸ் 32.00. எனக்குப் பெருமை தாங்கல. அதுக்கப்புறம் விடியற வரைக்கும் நானே அளந்து சொன்னேன். எல்லாமே 32.00, 32.01.

காலையில கியூசியில மைக்ரோமீட்டர் வெச்சா, எல்லாம் 31.95. முதல் பீஸ்தான் சரியா இருந்திருக்கு. என் வெர்னியரோட ஜீரோ எப்பவோ 0.05 நகர்ந்துடுச்சு, நான் பார்க்கவே இல்ல. வெளி விட்டம் பெருசா இருந்தா இன்னொரு கட் எடுத்துடலாம். குறைஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. 140 பீஸ் ஸ்க்ராப்.

செக் ஷீட்டுல கையெழுத்து அண்ணனோடது. ஒரு வாரம் வர வேண்டாம்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டார். வேலை இல்லைன்னா கூலி இல்ல. எனக்கு ஒண்ணும் ஆகல, நான் டிரெயினி. அன்னைக்கு நான் வாயைத் திறக்கல. மறுநாள்தான் சூப்பர்வைசர்கிட்ட போய், அளந்தது நான், என் வெர்னியர்லன்னு சொன்னேன். அதனால அண்ணனோட அந்த வாரம் திரும்பி வந்துடல.

இப்போ விஷயத்துக்கு வருவோம். அந்த வெர்னியர் ஏன் அப்படிப் பண்ணுச்சு?

டிஸ்பிளேயில 0.01 வரைக்கும் காட்டுது. அது காட்டுற நுணுக்கம்தான், துல்லியம் இல்ல. வீட்டுச் சுவர்க் கடிகாரத்துல செகண்ட் முள் அழகா ஓடும், ஆனா கடிகாரம் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா இருக்கும்ல, அது மாதிரி. நல்ல கம்பெனி 150 மில்லிமீட்டர் டிஜிட்டல் வெர்னியருக்கே துல்லியம் பிளஸ் ஆர் மைனஸ் 0.02-ன்னுதான் போட்டிருப்பாங்க. 0.03 டாலரன்ஸ் உள்ள வேலைக்கு அதுவே பத்தாது. அளக்கற கருவி, டாலரன்ஸை விடப் பத்து மடங்கு நுட்பமா இருக்கணும்ங்கறது பட்டறைகள்ல ரொம்ப நாளா இருக்கற கணக்கு. அதாவது, அன்னைக்கு விலை கூடின வெர்னியர் இருந்திருந்தாலும் அது தப்பான கருவிதான். அது மைக்ரோமீட்டர் வேலை.

சீப் மாடல்கள்ல இன்னொரு சிக்கல். பல மாடல்கள்ல ஸ்லைடரை வேகமா இழுத்தா எண்ணிக்கை தவறி ஜீரோ நகரும். ஆஃப் பண்ணாலும் உள்ளே சர்க்யூட் ஓடிக்கிட்டே இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். அப்புறம் சூடு. அலுமினியம் 100 மில்லிமீட்டர் பீஸ் உங்க வெர்னியரை விட 20 டிகிரி சூடா மெஷின்ல இருந்து வந்தா, சுமார் 0.045 பெருசா காட்டும். உலகம் முழுக்க அளவுகளுக்கு ஆதார வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். ஶ்ரீபெரும்புதூர் மே மாசத்துல தகரக் கூரைக்குக் கீழே அந்த 20 டிகிரியை எங்கே போய்த் தேடறது?

இங்கே ஒரு பழைய கதை சொல்லணும். ஸ்வீடன்ல கார்ல் எட்வர்ட் யோஹான்சன்னு ஒருத்தர், அரசாங்கத் துப்பாக்கி ஆலையில இன்ஸ்பெக்டர். 1896-ல ஜெர்மனியில இருக்கற மவுசர் துப்பாக்கி ஆலைக்குப் போறார். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி கேஜ், ஆயிரக்கணக்குல. திரும்பி வரும்போது ரயில்ல யோசிக்கிறார்: சில கட்டைகளை ஒண்ணோடு ஒண்ணு சேர்த்தே எல்லா அளவையும் கொண்டு வந்துட்டா? அதுதான் இன்னைக்கு கியூசி ரூம்ல மரப்பெட்டியில இருக்கற ஸ்லிப் கேஜ். 102 கட்டைகள், 20,000 அளவுகள். அந்தக் கட்டைகளைத் தேய்க்க வீட்டுல மனைவியோட தையல் மெஷினை மாத்தி அமைச்சுக்கிட்டார்னு சொல்வாங்க. அதை விட பட்ஜெட் கருவி உண்டா? ஆனா அவர் அந்த மெஷினை நம்பல. ஒவ்வொரு கட்டையையும் சரிபார்த்தார். பின்னால 1923-ல ஹென்றி ஃபோர்டே அவரைத் தன் கம்பெனிக்குக் கூப்பிட்டுக்கிட்டார்.

அதனால தம்பி, விலையை விட முதல்ல ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க. இதைச் சரிபார்க்க உங்ககிட்ட ஏதாவது இருக்கா? இது தப்பா காட்டினா யார் காசு போகும்?

வீட்டுல த்ரீடி பிரிண்டிங் பண்றீங்க, பைக் பிரேக் டிஸ்க் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு பார்க்கறீங்க, கையில வெர்னியர் பிடிச்சுப் பழகணும்னு ஆசைப்படறீங்கன்னா, தாராளமா வாங்குங்க. 0.1 போதும்ங்கற வேலைக்கு அந்த 800 ரூபாய் நியாயமான செலவு. ஆனா பிளாஸ்டிக் வேண்டாம், ஸ்டீல் பாடி வாங்குங்க. பெரிய பிராண்ட் பேரு பாதி விலைக்குக் கிடைச்சா அது போலியா இருக்க வாய்ப்பு அதிகம். அதுக்கு ஊர் பேர் தெரியாத பிராண்டே பரவாயில்ல.

வாங்கின அன்னைக்கே சோதிச்சுப் பாருங்க. தாடையை மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, இடைவெளியில ஒளி தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுங்க. பத்து தடவை திறந்து மூடுங்க, ஒவ்வொரு தடவையும் ஜீரோ வரணும். அப்புறம் ஃபிட்ஜெட் ஸ்பின்னர்ல இருக்குமே, 608 பேரிங், நல்ல பிராண்டா ஒண்ணு வாங்குங்க. அதோட வெளி விட்டம் 22 மில்லிமீட்டர், சாதாரண கிரேடுலயே 9 மைக்ரானுக்கு மேல குறையக் கூடாது. அதைத் தாடையோட நுனியில ஒரு தடவை, அடியில ஒரு தடவை அளங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அகலத்தை வெச்சுச் சோதிக்காதீங்க, அதுக்கு டாலரன்ஸ் ரொம்ப லூஸ்.

ஆனா ஷாப் ஃபுளோருக்கு மட்டும் கொண்டு போகாதீங்க. இது என் அட்வைஸ் மட்டும் இல்ல. வாகன உதிரிபாகக் கம்பெனிகள் பின்பற்றற ஐஏடிஎஃப் 16949 தரநிலையில, தொழிலாளி சொந்தமா வெச்சிருக்கற அளவுக் கருவிக்கும் கேலிபரேஷன் பதிவு இருக்கணும்னு தெளிவா இருக்கு. உங்க பாக்கெட்டுல இருக்கற வெர்னியரும் ஆடிட்டுல கணக்குதான். ஸ்டிக்கர் இல்லாத கருவியால ஒரு பீஸை ஓகே பண்ணா, அந்த ஓகேவுக்கு மதிப்பு இல்ல. கம்பெனிக்குத் தேவையான கருவியைக் கம்பெனிதான் வாங்கித் தரணும். கேளுங்க, எழுதிக் கொடுத்துக் கேளுங்க.

அந்த அண்ணன் ஒரு வாரம் கழிச்சு வேலைக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு, "அடுத்த தடவை மைக் வர்ற வரைக்கும் மெஷினை நிறுத்திடு தம்பி. நிறுத்தினா திட்டுவாங்க, அவ்வளவுதான்"னார். அந்த வாரக் கூலியை நான் கொடுத்தப்போ வாங்க மாட்டேன்னுட்டார்.

அந்த வெர்னியர் இன்னும் என் வீட்டு டிராயர்ல இருக்கு. பொண்ணோட ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு அட்டை அளக்க எடுப்பேன். எடுத்ததும் முதல்ல மூடி ஜீரோ பார்ப்பேன்.

உங்க பட்டறை அனுபவம் இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேசலாம்.